கழுத்துக்கு வந்த சாமி

எனக்குச் சாமி வந்துவிட்டது என்று எங்கள் ஊர் செர்டாங் முழுக்கப் பேச்சாகிப் போன பிறகுதான் எனக்கே தகவல் வந்தது. அதுவரைக்கும் எனக்கு இருப்பது கழுத்து வலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கோபமில்லாமல் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே வேலைதான். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, நகத்தைவிடச் சின்னதாக இருக்கும் சிப்புகளில் கீறல் இருக்கிறதா, அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். கம்பெனியின் பெயர் மாறியது, சூப்பர்வைசர்கள் மாறினார்கள், என் தலை மட்டும் குனிந்த இடத்திலேயே இருந்தது. போன வருஷம் பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் வேலையை அது எங்களைவிட வேகமாகப் பார்த்தது. தனக்குச் சந்தேகம் வந்ததை மட்டும் எங்களிடம் தள்ளியது. அன்றிலிருந்து நான் இன்னும் அதிகமாகக் குனிந்தேன். ஒரு கீறலைத் தவறவிட்டால் என் நாற்காலியும் போய்விடும் என்று பயம்.

முதலில் கழுத்து வலித்தது. பிறகு வலி தோளுக்கு இறங்கியது. பிறகு விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. அதோடு நின்றிருந்தால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஒரு சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டத் தலையைத் திருப்பினேன். காலுக்குக் கீழே ரோடு மெத்தை போல அமுங்கியது. கடைகள், மோட்டார் சைக்கிள்கள், எதிரே வந்த மனிதர்கள் எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்தன. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, மூச்சு பாதியிலேயே நின்றது. செத்துப்போகப் போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி நேராகிவிட்டது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு என் நிம்மதி போயே போய்விட்டது. தலைசுற்றல் வருவதுகூடப் பரவாயில்லை. வருமோ, வருமோ என்று காத்திருப்பதுதான் கொடுமை. பாசார் சந்தைக்குப் போனால் பாதிக் கூடையோடு வீட்டுக்கு ஓடி வருவேன். பஸ்ஸில் கதவுப் பக்கம்தான் உட்காருவேன், கோயிலில் தூண் பக்கம்தான் நிற்பேன். டிவி முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்துபோய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவுவேன். கழுத்து வலித்தால் தலை சுற்றுமே என்று பயம். பயந்தால் கழுத்து இறுகிக்கொள்ளும். இறுகினால் மறுபடியும் வலி. செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

பார்க்காத டாக்டர் இல்லை. கம்பெனி கிளினிக்கில் வலி மாத்திரையும் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டும் கொடுத்தார்கள். எம்சி எடுத்தால் சூப்பர்வைசர் முறைப்பார், அதனால் அதை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். காது டாக்டர், காதில் ஒன்றுமில்லை என்றார். கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர், வயசுக்கு ஏற்ற தேய்மானம் என்றார். லாரி டயரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

லாரியைச் சொன்னதால் என் வீட்டுக்காரரையும் சொல்லிவிடுகிறேன். ஜெயகுமார், எண்ணெய்ப் பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுகிறார். கெட்டவர் இல்லை. பேசத்தான் தெரியாது.

"உனக்கு ஒண்ணும் இல்ல லா. ரொம்ப யோசிக்கிற, அதான்" என்பார். அதைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொள்வார்.

அவருடைய அக்கா தேவகிக்குப் பேசத் தெரியும். அதுவும் நன்றாகவே தெரியும். புருஷன் இறந்த பிறகு எங்கள் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கழுத்தில் வலிக்கு ஒட்டிய பிளாஸ்டரோடு என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"உக்காந்து பாக்குற வேலைக்கே இந்தப் பாடா? நாங்கல்லாம் தோட்டத்துல உரமூட்டைய தலையில வச்சுக்கிட்டு மேடு ஏறுனோம். எங்களுக்குக் கழுத்து இல்லையா? சும்மா நடிக்காத லோகா."

லோகேஸ்வரி என்ற என் பெயரை அவர் லோகா என்று சுருக்குவதுபோல் என் வலியையும் சுருக்கிவிடுவார். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் அழுவேன். அழுதால் அதற்கும் கழுத்து வலிக்கும்.

கடைசியில் கூலிம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணின் பெயர் சிவானி. யாழ்ப்பாணத்து வம்சம், தமிழை அளந்து அளந்து பேசுவாள். கழுத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "தலை சுத்தும்போது மனசுல என்ன ஓடும், அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ், கம்பம், நாற்காலி, மெஷின் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கழுத்தும் பிரச்சினைதான். பயமும் பிரச்சினைதான். ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்குது. ஒண்ண மட்டும் பாத்தா போதாது. கழுத்துக்கு நான் இருக்கேன். பயத்துக்கு மனநல டாக்டர ஒருக்கா பாருங்களேன்" என்றாள்.

என் அழுகை சட்டென்று நின்றது. "கழுத்து வலிக்குப் பைத்தியக்கார டாக்டரா?" என்று சீறினேன்.

"பைத்தியம்னு நான் சொல்லலையே அக்கா" என்றாள் அவள். தேதி வாங்கிக் கொடுத்தாள். தலையில் எந்தக் கனத்தையும் வைக்கக்கூடாது, விரல் மரத்துப்போகிற கழுத்தோடு விளையாடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

ஒரு வாரம் பொருமிவிட்டு, போய்த்தான் பார்ப்போமே என்று மனசு மாறினேன். அந்தத் தேதியில் வீட்டுக்காரர் காடியில், எங்கள் காரில்தான், அழைத்துப்போனார். ஆஸ்பத்திரி வாசலைச் சுற்றி வந்தார், மறுபடியும் சுற்றி வந்தார், பார்க்கிங் இல்லை என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் நானே போன் போட்டு இன்னொரு தேதி கேட்டேன். கோயில் திருவிழா முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள்தான் இந்தச் சாமி விவகாரம்.

எங்கள் கோயில், எங்கள் சனம் வேலை செய்து குடியிருந்த பழைய எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்து வீடுகளை இடித்தாயிற்று, சனங்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, மாரியம்மன் மட்டும் பனைகளுக்கு நடுவே அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவோம். கொடியேற்றத்தன்று உறுமி அடித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை, நெருக்கும் கூட்டம். கொடி மேலே ஏற ஏற எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கழுத்து அந்த அளவுக்கு மேலே போகிற கழுத்தா? கொடி மரமே என்மேல் சாய்ந்தது. நெஞ்சு அடித்தது, உடம்பெல்லாம் உதறியது, பல் கிட்டித்தது. பிடித்துக்கொள்ள ஒரு தூண்கூட இல்லாமல் இப்படியும் அப்படியும் ஆடினேன்.

"அம்மா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

உறுமி என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நெற்றியில் விபூதி அப்பினார்கள். "யாரு வந்திருக்கறது, சொல்லு தாயே" என்று பூசாரி கேட்டார். எனக்கு மூச்சே இல்லை, என்னத்தைச் சொல்வது? "தண்ணி" என்றேன். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். நான் கேட்டது குடிப்பதற்கு.

மயக்கம் தெளிந்து பார்த்தால் கூட்டமே என்னைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. கோயில் தலைவர் புவனேஸ்வரன் அங்கேயே முடிவெடுத்துவிட்டார். எங்கள் கோயிலில் அருள் வருகிறவர்தான் திருவிழாவில் சக்தி கரகத்தைத் தலையில் சுமக்க வேண்டும். வருஷக்கணக்காகச் சுமந்த ரமணியக்கா மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார். யாரை ஏற்றுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவே ஆளைக் காட்டிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

பித்தளைக் குடம் நிறைய ஓடைத் தண்ணீர். அதன் மேல் வேப்பிலையும் பூவும் கோபுரம் மாதிரி கட்டியிருக்கும். அதைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல், ஓடையிலிருந்து கோயில் வரைக்கும் வெயிலில் ஆடிக்கொண்டே வர வேண்டும். சிவானியின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாளே புவனேஸ்வரன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, எனக்கு சாமியெல்லாம் வரல. அது பெனிங். தலை சுத்தல். ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படித்தான்மா சொல்லத் தோணும். ரமணியக்காவும் மொத வருஷம் இப்படித்தான், இல்ல இல்லன்னு அழுதுச்சு. அம்மா வர்ற உடம்பு மொதல்ல ஒத்துக்காது."

மறுத்தால் அதுவே அத்தாட்சி என்கிறார். வீட்டுக்குத் திரும்பி வந்து, கரகம் தூக்குகிறவர் இருக்க வேண்டிய விரதத்தை ஆரம்பித்தேன்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விரத நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. சுத்தபத்தமாக இருக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் சோபாவில் படுத்துக்கொண்டார், குரலைத் தாழ்த்திப் பேசினார். அண்ணி என் வீட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார், என்னை ஒரு குடம் தூக்க விடவில்லை. "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். வலிக்கிறது என்று நான் கெஞ்சியபோது கிடைக்காத ஓய்வு, சாமி என்றதும் கிடைத்தது. எனக்குள்ளேயே ஒரு சபலம் எட்டிப் பார்த்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கரகத்தைத் தூக்கினால் நான் அம்மன். இரண்டில் எதில் கௌரவம் அதிகம்?

அடுத்த நொடியே விரல் மரத்துப்போகும். எடுத்த காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவும். குடம் ஏறினால் இந்தக் கழுத்து என்ன ஆகும்? ஏறாவிட்டால் அம்மன் என்ன செய்வாள்? வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மஞ்சள் சேலை கட்டி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஓடைக்கரையில் என்னை நிறுத்தினார்கள். வாழை இலை மேல் கரகம் தயாராக இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிசு. உறுமி ஆரம்பித்தது. பூசாரி அம்மனை வருந்தி வருந்தி அழைத்துப் பாடினார். அருள் வந்ததும் தலையில் ஏற்றிவிடுவார்கள், அதுதான் வழக்கம்.

இந்த இடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பாசாரில் வரும், பஸ்ஸில் வரும், பாத்திரம் கழுவும்போது வரும் அந்தத் தலைசுற்றல், ஊரே கூடி அழைத்தபோது வரவில்லை. தரை கல்லு மாதிரி நின்றது. பனைகள் நேராக நின்றன. உறுமிக்காரர்கள் வியர்வை ஒழுக ஒழுக அடித்தார்கள், தாளத்தை மாற்றி அடித்தார்கள், நான் தெளிவாக நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"நேரம் போவுது. ஏத்திடுங்க, ஏறுனா தானா வருவா" என்றார் புவனேஸ்வரன்.

இரண்டு பேர் கரகத்தைத் தூக்கினார்கள். குடத்துக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. அந்த நிமிஷம் எனக்கு அருள் வரவில்லை, மயக்கம் வரவில்லை. கோபம் வந்தது.

"நிறுத்துங்க!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உறுமி நின்றுவிட்டது.

"ஒரு வருஷமா சொல்றேன், வலிக்குது வலிக்குதுன்னு. ஒரு ஆளு கேட்டீங்களா? வலிக்குதுன்னா நடிப்பு. தலை சுத்துதுன்னா சாமி. பயமா இருக்குன்னு சொன்னா பைத்தியமா? நெசமாவே வலிக்குது! நடிப்பு இல்ல! இந்தக் கழுத்துல இதையும் தூக்கி வைக்கணுமா உங்களுக்கு?"

சொல்லிவிட்டேன், அப்பாடா என்று இருந்தது. இனி எல்லோரும் திட்டட்டும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பார்த்தால் முன்வரிசை முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

"அம்மா கோவமா இருக்கா" என்று பூசாரி நடுங்கினார். "என்னா குத்தம் தாயே?"

"நான் அம்மா இல்ல. நான் லோகா!"

"லோகா மேலதான் வந்திருக்கே தாயே, தெரியுது" என்றார் அவர் பணிவாக.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவர்களிடம் லோகா பேசி ஆகப்போவதில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று துணிந்துவிட்டேன். அம்மன் மன்னிப்பாள். அவளுக்கும் கழுத்து இருக்கிறது.

"இவ தலையில பாரம் ஏத்தாதே!" என்று புவனேஸ்வரனைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏத்தல தாயே. அப்ப கரகத்த யாரு தூக்கறது?"

"நீ தூக்கு! உன் கழுத்து நல்லாத்தானே இருக்கு?"

அவர் பயந்துபோய்த் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். விடுவேனா?

"இவள செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ! மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட! பார்க்கிங் இல்ல, அது இல்ல, இது இல்லன்னு திரும்பி வந்தே, பாத்துக்க!"

அவர் என்னைப் பார்த்தார். நன்றாக, கண்ணுக்குள் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "உத்தரவு தாயே" என்றார்.

முடித்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடப் போனேன். யாரோ என் காலைப் பிடித்தார்கள். அண்ணி. மண்ணில் விழுந்து, என் பாதத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"தாயே, எனக்கும் அது இருக்கு. அவரு போனதுலேர்ந்து இருக்கு. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை காலெல்லாம் ஆடும், செத்துருவேன் போல இருக்கும். கதவ சாத்திக்கிட்டு உக்காந்துக்குவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா சிரிப்பாங்க. நானும் அந்த டாக்டர்கிட்ட போலாமா தாயே? தப்பில்லையே?"

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு வருஷமாக என்னை வறுத்தெடுத்த மனுஷி, சுவருக்கு அந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் நடுங்கியிருக்கிறேன். அண்ணி, இது நான்தான், லோகாதான் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் மனசு லேசாகியிருக்கும். ஆனால் தம்பி பெண்டாட்டியின் காலில் விழுந்து இதையெல்லாம் சொன்னோம் என்று தெரிந்தால், இந்த மனுஷி சாகும்வரை வாயைத் திறக்கமாட்டார்.

குனிய முடியாத கழுத்தோடு கையை மட்டும் நீட்டி அவர் தலையில் வைத்தேன்.

"போ. நீயும் போ. தப்பில்ல" என்றேன்.

மஞ்சள் தண்ணீரை ஊற்றி என்னைக் குளிர வைத்தார்கள். புவனேஸ்வரன் கரகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், கோயில் வரைக்கும் நடந்தே வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தார். போனை எடுக்கவில்லை.

"அம்மனுக்கு பார்க்கிங் கவலையெல்லாம் எப்பலேர்ந்து வந்துச்சு?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "தெரிஞ்சுமா கும்பிட்டீங்க?"

"நான் கும்பிட்டாதான் மத்தவங்க விடுவாங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பார்க்கிங் இருந்துச்சு லா, அன்னைக்கு. வாசல்ல எங்க லாரிக்காரன் ஒருத்தன் நின்னான். பாத்துடுவான்னு திரும்பிட்டேன்."

"தெரியும்" என்றேன். தெரியும்தான், ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது கண் கலங்கியது. "அண்ணிக்கு மட்டும் இது தெரிய வேணாம்" என்றேன். தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணிக்குத் தேதி கிடையாது, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்க வருகிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்து காடியில் ஏறிவிட்டார். வழியெல்லாம் எனக்குக் கை வியர்த்தது. கூலிம் நெருங்க நெருங்கக் கழுத்து இறுகியது. இப்போது வருமோ, உள்ளே போனதும் வருமோ என்று பழைய படபடப்பு. கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக்காரர் ரொம்ப தூரத்தில் காடியை நிறுத்திவிட்டு எங்களோடு நடந்தே வந்தார்.

மனநல கிளினிக் என்று போட்டிருந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் நம்பர் எடுக்கப் போனார். எதிரே ஒரு மலாய்க்காரப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள், ஒரு சீனப் பெரியவர் தூங்கி வழிந்தார். யாருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி தெரியவில்லை. எல்லோரும் களைத்துப்போனவர்கள் மாதிரிதான் இருந்தார்கள்.

அண்ணி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் லோகா, அன்னைக்கு அம்மா உன் மேல வந்து என்னா சொன்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அருள் வந்தவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்கக்கூடாது. "இல்ல அண்ணி. என்னா சொன்னா?"

"நிறைய சொன்னா. எல்லாரையும் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா." அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். "உனக்கு நெசமாவே வலிக்குதாம். நடிப்பு இல்லையாம். அம்மா வாயாலேயே சொல்லிட்டா."

நான் அவர் பக்கம் தலையைத் திருப்பினேன். கழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது.

அண்ணி கையை நீட்டி, தயங்கித் தயங்கி, என் பின்கழுத்தில் வைத்தார். உரமூட்டை தூக்கிய கை, காய்த்துப் போயிருந்தது, ஆனால் சூடாக இருந்தது. என் கழுத்தை அவர் தொடுவது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணி" என்றேன். "ரொம்ப வலிக்குது."